உங்கள் வீட்டுக்கு இணையத்தில் முகவரி இல்லை

கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, செட்டிங்ஸுக்குள் போய் ‘அபௌட் ஃபோன்’ பகுதியில் ஐபி முகவரி என்று இருக்கும் இடத்தைப் பாருங்கள். இந்தியாவில் மொபைல் டேட்டா போட்டிருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வரிகள் தெரியும். ஒன்று நீளம்: 2401, 2402, 2409 இப்படி ஏதாவது ஒன்றில் தொடங்கி, நடுநடுவே முக்காற்புள்ளி வைத்து, எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து ஓடும். இன்னொன்று குட்டை: 10 என்றோ 100 என்றோ 192 என்றோ தொடங்கி நான்கு எண்களோடு முடிந்துவிடும். பார்க்க லட்சணமாக இருப்பது குட்டைதான். ஆனால் உங்களுக்கே உங்களுக்கு என்று இருப்பது அந்த நீளமான முகவரி. குட்டை முகவரி ஒப்புக்கு இருப்பது. அதை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து யாரும் உங்களைத் தேடி வர முடியாது. அதே எண்ணை இந்த நேரத்தில் நாடு முழுக்க எத்தனையோ பேர் வைத்திருப்பார்கள்.

நீளமானது ஐபிவி6, குட்டையானது ஐபிவி4. இணையத்தில் கணினிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறையான ஐபியின் ஆறாம், நான்காம் பதிப்புகள் இவை. பழையது போய்ப் புதியது முழுசாக வர வேண்டும் என்று கணினி வலையமைப்புத் தொழிலில் இருப்பவர்கள் கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நானும் அந்தத் தொழிலில்தான் சாப்பிடுகிறேன். கல்லூரிகள், சிறு தொழிற்சாலைகள் என்று கோவைப் பக்கம் நெட்வொர்க் போட்டுக்கொடுப்பது என் வேலை. எப்போது இந்தப் பேச்சை எடுத்தாலும், ‘முகவரி தீர்ந்துபோச்சு, அதனால மாறணும்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். கேட்பவர், ‘தீந்துபோச்சுங்கறீங்க, எனக்கு நெட்டு நல்லாத்தானுங்களே வருது’ என்பார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது.

ஐபி முகவரிக்கு 32 பிட் (0 அல்லது 1 நிற்கும் 32 இடங்கள்) என்று 1977 வாக்கில் முடிவு செய்தவர் வின்ட் செர்ஃப். அப்போது அவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பாவில் இருந்தார். 128 பிட் வைக்கலாம், தேவைக்கேற்ப நீளம் மாறும் முகவரி வைக்கலாம் என்றெல்லாம் விவாதம் இழுத்துக்கொண்டே போக, இது ஒரு சோதனைதானே, 32 போதும் என்று அவர் முடித்துவைத்தார். பிற்காலத்தில் அவரே மேடைகளில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். சோதனை முடியவே இல்லை என்பதுதான் சிக்கல் என்பார். 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் தொகுத்த ஆவணத்தில் அந்த 32 பிட் எழுத்தில் ஏறியது. 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் பழைய நெறிமுறையை விட்டு இதற்கு மாறியது.

32 பிட்டுக்கு 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முகவரிகள் கிடைக்கும். 1981இல் உலக மக்கள்தொகையே அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் பிறந்த அன்றே பற்றாக்குறை. ஆனால் அன்று அந்த வலையமைப்பில் இருந்தவை சில நூறு கணினிகள்தான். ஆளுக்கு ஒரு கணினி என்பதே யாருடைய கணக்கிலும் இல்லை. அதனால் தாராளமாக வாரி வழங்கினார்கள். முகவரியின் முதல் எண்ணையே ஒரு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிடும் வழக்கம் இருந்தது. ஒரு முதல் எண்ணுக்குக் கீழே 1,67,77,216 முகவரிகள் வரும். 17 ஆப்பிளுக்கு, 18 அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு, 19 ஃபோர்டு கார் நிறுவனத்துக்கு என்று போனது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு மட்டும் பத்துக்கு மேல். கணினி தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ள 127.0.0.1 என்று ஒரு முகவரி உண்டு. அந்த ஒன்றுக்காக 127இல் தொடங்கும் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்தையும் ஒதுக்கிவைத்தார்கள். இன்றுவரை ஒதுக்கியபடியே கிடக்கிறது.

ஆப்பிள், எம்ஐடி, ஃபோர்டு மூன்றும் வாங்கியதைக் கூட்டினால் ஐந்து கோடி. இன்று 140 கோடிப் பேர் வாழும் இந்தியா முழுவதற்கும் இருப்பது சுமார் நான்கு கோடி. அதாவது 35 பேருக்கு ஒன்று. அமெரிக்காவில் ஆளுக்கு நான்குக்கு மேல் தேறும். பந்திக்கு முந்து என்று சும்மா சொல்லவில்லை.

2011 பிப்ரவரி 3 அன்று உலக இருப்பில் கடைசியாக மிஞ்சிய ஐந்து தொகுப்புகளை (ஒரு முதல் எண்ணுக்குக் கீழே வருவதெல்லாம் ஒரு தொகுப்பு) ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு உலக அளவில் முகவரிகளை ஒதுக்கும் அமைப்பான ஐயானா கையை விரித்தது. நம் வட்டாரமான ஆசிய பசிபிக்கின் பதிவகம் ஏப்னிக், அதே ஆண்டு ஏப்ரல் 15இல் தன் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அதன் பிறகு புதிதாக வருபவருக்குக் கிள்ளிக் கொடுப்பதுதான். வட அமெரிக்காவில் 2015 செப்டம்பரில் தீர்ந்தது, ஐரோப்பாவில் 2019 நவம்பரில். பயன்படுத்தாமல் ஒதுக்கிவைத்த மிச்சங்களை எடுத்து ஓட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். 240இல் தொடங்கி மேலே பதினாறு தொகுப்புகள் ‘எதிர்காலத்துக்கு’ என்று கிடக்கின்றன, உண்மைதான். 2010இல் மாதத்துக்கு ஒரு தொகுப்புக்கு மேல் கரைந்துகொண்டிருந்தது. அந்த வேகத்தில் பதினாறும் ஒரு வருடத் தீனி. அதற்காக உலகத்து ரூட்டர்களையெல்லாம் புதுப்பிக்க வேண்டும் என்றால், அந்த உழைப்பை ஐபிவி6க்கே போடலாம்.

மாற்று அப்போதே தயாராக இருந்தது. 1995 டிசம்பரில் ஐபிவி6இன் முதல் வரையறை, 1998 டிசம்பரில் திருத்திய வடிவம். நடுவில் 5 எங்கே போனது என்று கேட்பவர்களுக்கு: ஒலி, ஒளி ஓட்டத்துக்கான ஒரு சோதனை நெறிமுறை அந்த எண்ணை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது. ஐபிவி6இல் முகவரிக்கு 128 பிட். மொத்த எண்ணிக்கை 39 இலக்கத்தில் வரும். அதைச் சொல்லி யாருக்கும் எதுவும் புரியப்போவதில்லை. இப்படிச் சொன்னால் புரியலாம்: ஒரு வீட்டு வைஃபைக்கு வழக்கமாக ஒதுக்கும் பகுதியில் மட்டும் 64 பிட் அளவுக்கு முகவரி இருக்கும். பழைய இணையம் முழுவதையும் அந்த ஒரு வீட்டுக்குள் 429 கோடி முறை வைக்கலாம்.

பழையதையே கொஞ்சம் நீட்டியிருக்கக் கூடாதா? சென்னையில் லேண்ட்லைன் எண்கள் ஏழு இலக்கத்திலிருந்து எட்டு இலக்கமான காலம் பலருக்கு நினைவிருக்கும். இருந்த எண்ணுக்கு முன்னால் ஒரு 2 சேர்த்தார்கள், அவ்வளவுதான். வீட்டிலிருந்த தொலைபேசியை யாரும் மாற்றவில்லை. எண் எத்தனை இலக்கம் என்பது எக்ஸ்சேஞ்சின் கவலை, கருவிக்கு அதைப்பற்றி அக்கறை இல்லை. ஐபியில் அந்த வசதி கிடையாது. இணையத்தில் தகவல் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும். அந்தத் துண்டுக்குப் பெயர் பாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் அனுப்புபவர் முகவரிக்கு 32 பிட், பெறுபவர் முகவரிக்கு 32 பிட் என்று இடம் அளந்து வைத்திருக்கிறது. வழியில் உள்ள அத்தனை ரூட்டரும், அவற்றுக்குள் இருக்கும் சிப் உட்பட, அந்த இடத்தில் அந்த நீளத்தில்தான் முகவரி இருக்கும் என்று நம்பிப் படிக்கின்றன. ஒரே ஒரு பிட் கூட்டினாலும் அதற்கப்புறம் உள்ளதெல்லாம் இடம் பிசகிவிடும். ஆக, எவ்வளவு குறைவாக நீட்டினாலும் அது புது நெறிமுறைதான், எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதே என்று ஆகிவிட்டால் 33 பிட்டுக்கு மாற்றுவதும் 128 பிட்டுக்கு மாற்றுவதும் ஒரே வேலை.

பாக்கெட்டின் முதல் நான்கு பிட் பதிப்பு எண். அங்கே 4 இருக்கலாம், 6 இருக்கலாம். ஒரே கம்பியில் இரண்டும் ஓடும். ஆனால் 4 மட்டும் தெரிந்த கணினியும் 6 மட்டும் தெரிந்த கணினியும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாது. முடிச்சு விழுந்தது இங்கேதான். மாறுபவருக்கு அன்றே கையில் லாபம் எதுவும் நிற்காது. எதிராளியும் மாறினால்தான் லாபம். பழைய முகவரி நிறைய வைத்திருப்பவருக்கோ மாற வேண்டிய அவசரமே கிடையாது. ஐபிவி6ஐ வடிவமைத்தவர்கள் இந்த மனித சுபாவத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் மனக்குறை. நல்லதாக ஒன்றைச் செய்து வைத்தால் ஊர் தானாக வந்து எடுத்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார்கள்.

ஊர் எடுத்துக்கொண்டது வேறொன்றை. 1994 மே மாதம் ‘நாட்’ என்ற உத்தி ஒரு ஆவணமாக வந்தது. எழுதியவர்களே அதைக் குறுகிய காலத் தீர்வு என்றுதான் குறிப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கெல்லாம் 192.168 என்று தொடங்கும் உள்முகவரி. வெளியே போகும்போது ரூட்டர் அதை அழித்துவிட்டுத் தன் முகவரியைப் போட்டு அனுப்பும். பதில் திரும்பி வரும்போது யார் கேட்டது என்று தெரிய வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு போர்ட் எண் கொடுத்து ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்ளும். ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்கள். ஒரு வீட்டுக்கு இது தாராளம்.

பிறகு வீட்டுக்கு ஒரு முகவரி கொடுக்கவும் வழியில்லாமல் போனபோது, இணைய நிறுவனமே தன் பக்கத்தில் இன்னொரு நாட் வைத்தது. இதை சிஜிநாட் என்பார்கள். இதற்கென்றே 2012 ஏப்ரலில் 100.64இலிருந்து 100.127 வரை ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கினார்கள். இப்போது உங்கள் வீட்டு ரூட்டரின் வெளிமுகவரி என்று நீங்கள் நினைப்பதும் உள்முகவரிதான். அறுபது, எழுபது வீடு சேர்ந்து ஒரே முகவரியில் குடியிருந்தால் வீட்டுக்கு ஆயிரம் போர்ட் கிடைக்கும். ஒரு செய்தித்தளத்தின் முதல் பக்கத்தைத் திறந்தாலே விளம்பரம், கணக்கெடுப்பு என்று டஜன் கணக்கில் இணைப்புகள் போகிற காலம் இது. வீட்டில் நான்கு கைப்பேசி, ஒரு டிவி, ஒரு லேப்டாப் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அக்கா மகன் ஒருநாள் கூப்பிட்டான். ‘மாமா, கேம்ல நாட் டைப் ஸ்ட்ரிக்ட்னு காட்டுது. நான் ஹோஸ்ட் பண்ணா எவனாலயும் உள்ள வர முடியல. போர்ட் ஃபார்வர்ட் பண்ணச் சொல்றாங்க, பண்ணியும் ஆகல.’ ரூட்டரின் உள்பக்கத்தைத் திறந்து வேன் ஐபி, அதாவது ரூட்டரின் வெளிப்பக்க முகவரி, என்று போட்டிருப்பதைப் படிக்கச் சொன்னேன். ‘100.81...’ என்று ஆரம்பித்தான். போதும், மிச்சத்தைப் படிக்க வேண்டாம் என்றேன். முதல் எண் 100ஆக இருந்து இரண்டாவது எண் 64க்கும் 127க்கும் நடுவில் வந்தால் அதற்கு மேல் பார்க்க எதுவும் இல்லை. அவன் தன் வீட்டுக் கதவைத்தான் திறந்து வைத்திருந்தான். பூட்டிக் கிடந்தது நிறுவனத்தின் பக்கம்.

அந்தப் பகுதியில் இணைப்பு கொடுப்பவரிடம் நானே பேசினேன்.

‘பப்ளிக் ஐபி வேணும்னா தனி சார்ஜுங்க சார். மாசா மாசம் வரும்.’

‘அது வேண்டாங்க. ஐபிவி6 குடுக்கறீங்களா?’

‘அது இன்னும் வரலீங்க சார்.’

‘உங்களுக்கு மேல இருக்கறவங்ககிட்ட இருக்குதுங்களே.’

‘இருக்கும்ங்க. நம்மகிட்ட யாரும் கேக்கறதில்லீங்க சார்.’

அவர் சொன்னது பொய் இல்லை. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்பார்கள்.

விளையாட்டு ஆட முடியாமல் போனதைப் பெரிய இழப்பு என்று சொல்லவரவில்லை. அவன் மாட்டிக்கொண்ட இடம்தான் விஷயம். இணையத்தின் ஆரம்ப ஏற்பாட்டில், இணைந்திருக்கும் எந்தக் கணினியும் இன்னொரு கணினியை நேரே கூப்பிடலாம். கொடுப்பவர், வாங்குபவர் என்று தனித்தனி ஜாதி கிடையாது. ‘நாட்’டுக்குப் பின்னால் போனதும் நீங்கள் வெளியே கூப்பிடலாம், உங்களை யாரும் கூப்பிட முடியாது. வாங்கலாம், வைக்க முடியாது. ஊரில் அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள் என்று வாசலில் ஒரு கேமரா மாட்டியிருப்பீர்கள். அதை நீங்கள் அலுவலகத்திலிருந்து பார்க்கும்போது அந்தக் காட்சி எப்படி வருகிறது? கேமராவும் வெளியே போகிறது, உங்கள் கைப்பேசியும் வெளியே போகிறது, இரண்டும் கேமரா நிறுவனத்தின் ஏதோ ஒரு சர்வரில் சந்தித்துக்கொள்கின்றன. உங்கள் வாசல், உங்கள் கேமரா, உங்கள் போன். நடுவில் ஒரு மூன்றாம் ஆள். அவர் சர்வரை மூடினால் கேமரா பொம்மை. சந்தா ஏற்றினால் கட்ட வேண்டும். தோட்டத்து மோட்டாரை கைப்பேசியிலிருந்து போட்டு நிறுத்தும் பெட்டிகளுக்கும் இதே கதிதான். எல்லாம் ‘கிளவுட்’ மயமானதற்கு நூறு காரணம் சொல்வார்கள். வீட்டுக்கு முகவரி இல்லாமல் போனது அவற்றில் ஒன்று. அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. ஐபிவி6க்கு மாற வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது. முகவரிப் பற்றாக்குறை இரண்டாவதுதான்.

பங்கு போட்டுக்கொள்வதில் இன்னொரு வில்லங்கம், அடுத்தவன் செய்த வேலைக்கு நாம் பதில் சொல்ல வேண்டிவருவது. திடீரென்று ஒரு தளம் உங்களைச் சந்தேகப்பட்டு, பேருந்து இருக்கும் கட்டங்களையெல்லாம் தொட்டுக் காட்டு என்று கேட்கிறதே, அதற்குப் பல சமயம் காரணம் உங்கள் முகவரியைப் பகிரும் யாரோ ஒருவருடைய வைரஸ் பிடித்த கணினி. 2007 புத்தாண்டுச் சமயத்தில் விக்கிப்பீடியாவில் விஷமம் செய்த ஒரு முகவரியைத் தடுத்தார்கள். பார்த்தால் கத்தார் நாடே கணக்கு இல்லாமல் திருத்தம் செய்ய முடியாமல் நின்றது. அந்த நாட்டின் போக்குவரத்து ஒரே முகவரியில் பிராக்ஸி என்ற இடைநிலை சர்வர் வழியாக வந்துகொண்டிருந்திருக்கிறது. பிறகு தடை நீங்கியது, சரி. சைபர் குற்றப் புலனாய்வில் இது அவ்வளவு எளிதாக நீங்குவதில்லை. ஒரு தளத்தின் பதிவேட்டில் ஐபி முகவரியும் நேரமும் இருக்கும், போர்ட் எண் பெரும்பாலும் இருக்காது. போர்ட் இல்லாமல் நிறுவனத்திடம் போய்க் கேட்டால் அந்த நேரத்தில் அந்த முகவரியில் இருந்த அத்தனை பேர் பட்டியலும் வரும். 2017 அக்டோபரில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் இதைப் பகிரங்கமாகவே சொன்னது: சிஜிநாட் குற்றவாளிக்கு மறைவிடம், அதை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று. பட்டியலில் சும்மா இருந்த மற்றவர்கள் கதையையும் யோசித்துப் பாருங்கள்.

காசுக் கணக்குக்கு வருவோம். 2011இல் திவாலாகிக்கொண்டிருந்த நார்டெல் நிறுவனம் தன்னிடமிருந்த 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்டுக்கு 75 லட்சம் டாலருக்கு விற்றது. முகவரி ஒன்று 11.25 டாலர். ஓசியில் வாங்கிய பொருள். 2017இல் எம்ஐடி தன் 18இல் பெரும்பகுதியை விற்கத் தொடங்கியது. அதன் முக்கிய வாடிக்கையாளர் அமேசான். 2021, 22 வாக்கில் விலை 50 டாலரைத் தாண்டியது, பிறகு இறங்கியது. விலை இறங்கியதை வைத்து ‘பார்த்தீங்களா, தட்டுப்பாடு இல்லை’ என்பவர்கள் உண்டு. விலை இறங்கலாம், பொருள் கூடவில்லை. 2024 பிப்ரவரி 1 முதல் அமேசான் கிளவுடில் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாடகை. வருடத்துக்கு ஏறத்தாழ 44 டாலர். சின்னதாக ஒரு சர்வர் வைத்து ஒரு செயலி நடத்தும் ஈரோட்டுப் பையனுக்கு, சர்வர் வாடகையோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை இல்லை. அதே சர்வருக்கு ஐபிவி6 முகவரி இலவசம். முன்னால் வந்தவர் சும்மா வாங்கியதைப் பின்னால் வருபவர் வாடகைக்கு எடுக்கும் இந்த ஏற்பாடு எத்தனை நாள் நீடிக்கிறதோ அத்தனை நாள், புதிதாகத் தொழில் தொடங்குபவர்தான் செலவு செய்ய வேண்டும்.

இதில் இந்தியாவின் நிலை ஒரு வேடிக்கை. தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையிலேயே ஐபிவி6க்கான தேசியத் திட்டம் வெளியிட்டது, 2013 மார்ச்சில் இரண்டாவது. கெடுக்கள் வந்தன, போயின. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. கோடிக்கணக்கில் ஆள் சேர்க்கத் திட்டமிட்ட நிறுவனத்துக்கு ஐபிவி4 முகவரிக்கு எங்கே போவது? முதல் நாளிலிருந்தே ஐபிவி6ஐ வைத்துக் கட்டினார்கள். மற்ற நிறுவனங்களும் பின்னாலேயே வர வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒற்றை இலக்க சதவீதத்தில் இருந்த நாடு, சில வருடங்களில் உலகின் முன்வரிசைக்கு வந்துவிட்டது. இன்று கூகுளுக்கு உலகெங்கிலுமிருந்து வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐபிவி6 வழியாக வருகிறார்கள். இந்தியாவிலிருந்து வருபவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். எந்தக் கொள்கை ஆவணமும் சாதிக்காததைப் பற்றாக்குறை சாதித்தது.

ஆனால் இந்த வெற்றி முழுக்கக் கைப்பேசியின் வெற்றி. கம்பிவழி இணைப்புக்கு வந்தால் பெரிய நிறுவனங்கள் சில தருகின்றன, உள்ளூர் கேபிள்காரர்கள் பலரும் தருவதில்லை. 2022க்குப் பிறகு கொடுக்கும் புதுக் கம்பிவழி இணைப்புகள் ஐபிவி6க்குத் தயாராக இருக்க வேண்டும் என்று துறை கெடு வைத்ததோடு சரி. அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் உள்ளே போனால் இன்னும் மோசம். நான் பார்த்த கேம்பஸ் நெட்வொர்க்குகளில் முதல் வேலையாக ஐபிவி6ஐ அணைத்துவைப்பது ஒரு சடங்கு. ஏன் என்று கேட்டால், ‘எதுக்கு வம்பு’. மாணவன் விடுதிக்கு வெளியே தன் டேட்டாவில் ஐபிவி6இல் இருக்கிறான், கணிப்பொறித் துறைக் கட்டடத்துக்குள் நுழைந்து வைஃபை போட்டதும் 1981க்குப் போய்விடுகிறான். அங்கே அவனுக்குப் பாடமாக நடத்துவது ஐபிவி6இன் தலைப்பு அமைப்பு.

வம்பு என்று சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஒரு காலத்தில் பாதி வேலை செய்யும் ஐபிவி6 இருந்தால் தளம் திறக்க நெடுநேரம் ஆகும். உலாவி அதில் முயன்று முயன்று தோற்றுவிட்டுத்தான் பழையதற்கு வரும். 2012இல் ‘ஹாப்பி ஐபால்ஸ்’ என்ற விசித்திரப் பெயரில் ஒரு வழிமுறை வந்தது. உலாவி இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முயன்று எது முந்துகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அதோடு அந்தப் புகார் போனது. 2016 ஜூன் முதல் ஐபிவி6 மட்டும் இருக்கும் வலையமைப்பில் ஓடாத செயலிகளை ஆப்பிள் தன் கடையில் ஏற்பதில்லை. அதோடு செயலிகள் பக்கச் சாக்கும் போனது.

இன்னும் இரண்டு பயங்கள் பாக்கி. முதலாவது, ‘நாட் இருந்தாத்தான் சார் பாதுகாப்பு. உள்ள யார் இருக்காங்கன்னு வெளிய தெரியாது.’ உண்மையில் அந்த வேலையைச் செய்வது ‘நாட்’டோடு ஒட்டிக்கொண்டு வரும் ஃபயர்வால் குணம்: உள்ளேயிருந்து கேட்காத எதையும் உள்ளே விடாதே. ஐபிவி6 ரூட்டரிலும் அதே விதியைப் போடலாம், நல்ல ரூட்டர்களில் போட்டபடியேதான் வருகிறது. வித்தியாசம், கதவைத் திறக்க நினைத்தால் அதற்கான சாவி உங்களிடம் இருக்கும். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமேப் என்ற கருவியால் ஐபிவி4 இணையம் முழுவதையும் ஒரு மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று காட்டினார்கள். ஐபிவி6இல் ஒரே ஒரு வீட்டுப் பகுதியை நொடிக்கு நூறு கோடி முகவரி வீதம் தட்டினாலும் ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகும். இரண்டாவது பயம், கருவிக்கு நிரந்தர முகவரி வந்தால் நம்மைப் பின்தொடர்வது சுலபமாகிவிடுமே என்பது. ஆரம்பத்தில் இது மெய்யான குறைதான். கருவியின் வன்பொருள் எண்ணையே முகவரிக்குள் திணித்தார்கள். பிறகு திருத்தினார்கள். இப்போது உங்கள் கைப்பேசி, முகவரியின் பின்பாதியைத் தானே ஏதோ ஒரு எண்ணாகப் போட்டுக்கொண்டு அவ்வப்போது மாற்றிக்கொள்கிறது. ஆனால் முன்பாதி உங்கள் இணைப்பைக் காட்டிக்கொடுக்கும். ஐபிவி4இல் ஒரு வீட்டுக்கு ஒரு முகவரி இருந்தபோது அந்த முகவரியும் அதையேதான் காட்டிக்கொடுத்தது.

எனக்கு உண்மையாகவே எரிச்சலான விஷயம் வேறு: இரண்டையும் சேர்த்து நடத்த வேண்டியிருப்பது. இரண்டு ஃபயர்வால் பட்டியல், இரண்டு விதமான கண்காணிப்பு, ஏதாவது படுத்தால் எது படுத்தது என்று இரண்டு இடத்தில் தேட வேண்டும். முகவரியை மனப்பாடமாகச் சொல்ல முடியாது. போனில் ஒருவருக்குப் படித்துக்காட்டினால் பாதியில் இருவருக்கும் சண்டை வரும். உலகத்து நிரலாளர்களில் ஏராளமான பேர் தங்கள் நிரலைச் சேமித்துவைக்கும் தளமே நெடுங்காலமாக ஐபிவி4ஐ மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும்போது, ஐபிவி6 மட்டும் வைத்து ஒரு சர்வரை ஓட்டு என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. இந்த இரட்டைச் சுமைக்கு ஒரே மருந்து, சீக்கிரம் ஒன்றை இறக்கிவைப்பதுதான். செக் குடியரசு இதைத் தேதி போட்டே சொல்லிவிட்டது: 2032 ஜூன் 6க்குப் பிறகு அந்த நாட்டு அரசு தன் சேவைகளை ஐபிவி4இல் தராது. 2024 ஜனவரியில் எடுத்த முடிவு. எட்டு வருட அவகாசம், ஒரு தேதி. நமக்கு வந்த கெடுக்களையெல்லாம்விட எனக்கு இது பிடித்திருக்கிறது, ஏனென்றால் இதில் புதியதைத் தொடங்கும் தேதி இல்லை, பழையதை நிறுத்தும் தேதி இருக்கிறது.

தளம் நடத்துபவர்கள் செய்ய வேண்டியது மிகச் சிறிய வேலை. டொமைன் அமைப்புப் பக்கத்தில் ‘ஏ’ என்று ஒரு பதிவு இருக்கும், அதில் ஐபிவி4 முகவரி. அதற்குக் கீழே ‘ஏஏஏஏ’ என்று இன்னொன்று சேர்த்து ஐபிவி6 முகவரியைப் போட வேண்டும். சர்வரின் ஃபயர்வாலில் ஐபிவி4க்குத் திறந்திருக்கும் அதே 443ஆம் போர்ட்டை ஐபிவி6க்கும் திறக்க வேண்டும். இதை மறப்பவர்கள்தான் ‘ஐபிவி6 போட்டேன், தளம் போச்சு’ என்று புலம்புவது. ஒரு கல்லூரித் தளத்துக்கு இதைச் செய்துவிட்டு மறுநாள் பதிவேட்டைத் திறந்தால், வந்தவர்களில் பெரும்பான்மை நீள முகவரிக்காரர்கள். தேர்வு முடிவு பார்க்கக் கைப்பேசியில் வந்த பிள்ளைகள். அவர்கள் எப்போதோ அந்தப் பக்கம் போய்விட்டார்கள், தளம்தான் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

பொருள் வாங்கும் இடத்திலும் ஒரு வரி சேர்க்கலாம். அண்மையில் ஒரு விடுதிக்கு ரூட்டரும் கேமராவும் வாங்க விலைப்புள்ளி கேட்டபோது, எல்லாக் கருவியும் ஐபிவி6இல் இயங்க வேண்டும் என்று எழுதிவைத்தேன். விற்பனையாளர் கூப்பிட்டார். ‘சார், ஐபிவி6னு போட்டிருக்கீங்களே, அதுக்குத் தனியா ரேட் போடட்டுங்களா?’ வேண்டாங்க, நீங்க போட்டிருக்கற ரூட்டர்லயே இருக்குது, ஒரு டிக் அடிச்சாப் போதும் என்றேன். அடித்துக் கொடுத்தார். கேமராக்களில் பாதியில் அந்த டிக்கே இல்லை. அந்த மாடலை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு வேறு கேட்டிருக்கிறோம்.